அரைக்குடத்தில் முப்பத்தேழு லட்சம் ஊசி!

முதலில் ஒரு கணக்கு. பயப்படாதீர்கள், எட்டாம் கிளாஸ் கணக்குதான்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி திருவள்ளூர் மாவட்டத்தில் 37 லட்சத்து 28 ஆயிரம் பேர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துக் கண் சிவந்து வருகிறவர், கடம்பத்தூர் ஸ்டேஷனில் ஒரு கையில் டிபன் பாக்ஸும் மறு கையில் சீஸன் டிக்கெட்டுமாக லோக்கலைத் துரத்துகிறவர், திருத்தணி மலைப்படியில் பூ விற்கிற பாட்டி... எல்லாரும் சேர்த்தி. இத்தனை பேருக்கும் தலைக்கு ஒரு தடுப்பூசி. ஒரு ஊசிக்குள் இருக்கவேண்டிய சரக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பெருக்கிப் பாருங்கள்.

மொத்தம் 37 கிராம் சொச்சம்!

ஒரு கோழி முட்டையின் எடைகூட இல்லை. பொட்டலம் கட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். (ஏறாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.)

இந்தச் சரக்கின் பெயர் ஆர்.என்.ஏ. இதைத் தயாரிக்கிற திரவத்தில், ஒரு லிட்டருக்கு ஐந்து கிராம் எடுப்பது இன்றைக்குப் பெரிய சாதனை இல்லை. ஆக, 37 கிராமுக்கு ஏழரை லிட்டர். அரைக் குடம்! (ஏழரை என்றதும் சனி ஞாபகம் வருகிறவர்கள் எட்டு லிட்டராகவே வைத்துக்கொள்ளலாம்.) வடிகட்டிச் சுத்தம் பண்ணுவதில் பாதி போய்விட்டது என்றால்கூட ஒரே ஒரு முழுக் குடம்.

"அவ்ளோ ஈஸின்னா 2021 மே மாசம் நாங்க ஏன் சார் வெயில்ல க்யூவில நின்னோம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த அரைக் குடத்தைப் பக்குவமாக இறக்குவதில்தான் உலகத்துத் தலைவலியெல்லாம் இருக்கிறது.

அதைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தக் காலத்துத் தடுப்பூசிகள் எங்கிருந்து வந்தன என்று ஒரு நடை பார்த்துவிடலாம்.

கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறதே, அது 1899-இல் தொடங்கியதே பெரியம்மைத் தடுப்பு மருந்துக்காகத்தான். அந்த மருந்தைத் தயாரித்த பாத்திரம் எது தெரியுமா? கன்றுக்குட்டி! கன்றின் தோலைச் சிரைத்து, கீறி, அதில் வைரஸைத் தேய்த்து, சில நாள் கழித்துக் கொப்புளத்தைச் சுரண்டி எடுப்பார்கள். அதைத்தான் நம் தாத்தாக்களுக்கு 'அம்மை குத்துகிறவர்' வந்து குத்திவிட்டுப் போனார். ஊரே வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது தனிக்கதை.

அடுத்து, நாய்க்கடி. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர்கள் கை தூக்குங்கள்! 1907-இல் ஆரம்பித்த குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்த அந்த மருந்து நெடுங்காலம் ஆட்டு மூளையில் தயாரானது. ஆமாம், மூளைதான். முனியாண்டி விலாஸ் சமாச்சாரம் இல்லை, நிஜ மருந்து. ஆட்டு மூளைத் திசுவும் கூடவே உடம்புக்குள் போனதால் சிலருக்கு நரம்புக் கோளாறுகூட வந்தது. 2004 கடைசியில்தான் இந்தியா அதை ஒரேயடியாக நிறுத்தியது.

இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசியோ இன்றைக்கும் பெரும்பாலும் கோழி முட்டையில்தான் வளர்கிறது. தோராயமாக ஒரு டோஸுக்கு ஒரு முட்டை. நம் மாவட்டத்துக்கு 37 லட்சம் முட்டை என்றால் நாமக்கல்லே ஒரு தரம் திரும்பிப் பார்க்கும். அதுவும் சாதாரண முட்டை இல்லை. கருக்கூடிய, கிருமியில்லாத ஸ்பெஷல் முட்டை.

கன்று, ஆடு, கோழி... இந்த வரிசையில் அடுத்து என்ன மிருகம் என்று யோசிக்காதீர்கள். ஆர்.என்.ஏ. தடுப்பூசியில் மிருகமே கிடையாது. அதுதான் விசேஷம்.

ஆர்.என்.ஏ. என்றால் என்ன? வீட்டு மூலப்பத்திரத்தை என்ன செய்வீர்கள்? பேங்க் லாக்கரில் பூட்டி வைப்பீர்கள். லோன் ஆபீஸ், ஈ.பி. ஆபீஸ் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ்தான் போகும். நம் செல்லுக்குள்ளும் அப்படியே. டி.என்.ஏ. என்பது லாக்கரில் இருக்கும் மூலப்பத்திரம். அதிலிருந்து தேவையான பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ். அதுதான் எம்.ஆர்.என்.ஏ. அந்த ஜெராக்ஸைப் பார்த்து செல்லின் பட்டறை ஒரு புரதத்தைத் தைத்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் ஜெராக்ஸைக் கிழித்துப் போட்டுவிடும்.

தடுப்பூசிக்காரர்கள் செய்கிற தந்திரம் இதுதான்: வைரஸை உள்ளே விடாமல், வைரஸின் முள் மட்டும் எப்படி இருக்கும் என்கிற ஒரு பக்க ஜெராக்ஸை நம் செல்லிடம் கொடுத்துவிடுகிறார்கள். செல் அப்பாவியாக அந்த முள்ளைத் தைத்துத் தொங்கவிடுகிறது. உடம்பின் போலீஸ் அதைப் பார்த்து மூஞ்சியை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. நிஜத் திருடன் வரும்போது அடி பின்னியெடுக்கிறது.

அரக்கோணம் லோக்கலில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தர் கண்டிப்பாகச் சொல்வார்: "அதெல்லாம் வாணாம் தம்பி... ஊசி போட்டா ஜீனே மாறிப்பூடுமாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு." மாறாது அண்ணே. ஜெராக்ஸில் பேனாவால் கிறுக்கினால் லாக்கரில் இருக்கும் மூலப்பத்திரம் மாறுமா? ஆர்.என்.ஏ. அந்த லாக்கர் ரூமுக்குள் போவதே இல்லை. சில நாளில் சிதைந்தும் போய்விடுகிறது.

சரி, சமையலறைக்குப் போவோம்.

முதலில் மாஸ்டர் காப்பி வேண்டும். வைரஸின் முள்ளுக்கான டி.என்.ஏ. வாசகத்தை ஒரு வளையத்தில் கோத்து, ஈ.கோலி என்கிற பாக்டீரியாவுக்குள் விட்டுவிடுகிறார்கள். பாக்டீரியா பெருகப் பெருக வளையமும் பெருகும். பிறகு பாக்டீரியாவை உடைத்து வளையத்தை எடுத்து, ஓரிடத்தில் கத்தரித்து நீள நாடாவாக்குகிறார்கள்.

அடுத்து, காப்பி எடுக்கிற மெஷின். அதன் பெயர் டி7 ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். இது பாக்டீரியாவையே தின்கிற டி7 என்ற குட்டி வைரஸின் சொத்து. அசுர வேகம். வேலையில் ஒரு பிடிவாதமும் உண்டு: தன்னுடைய ஆரம்ப அடையாளம் எழுதியிருக்கிற நாடாவை மட்டும்தான் காப்பி எடுக்கும். 1980-களில் இந்த மாதிரி வைரஸ் மெஷின்களைச் சோதனைச்சாலையில் வசப்படுத்திய பிறகுதான் ஆர்.என்.ஏ.யைக் குழாயில் சமைப்பது சாத்தியமானது.

மளிகைச் சாமான்: ஏ, யு, ஜி, சி என்று நாலு எழுத்து. கொஞ்சம் மக்னீசியம் உப்பு. 37 டிகிரி சூடு, நம் உடம்புச் சூடுதான். இரண்டு மூன்று மணி நேரம். ஃபைஸர் தடுப்பூசியின் ஆர்.என்.ஏ. 4,284 எழுத்து நீளம். இப்படிக் கோடானுகோடி காப்பிகள் அந்தப் பாத்திரத்துக்குள் தயாராகின்றன. இட்லி மாவு புளிப்பதற்குள் வேலை முடிந்தது!

இவ்வளவுதான் விஷயம் என்றால் நான் கட்டுரையை இங்கேயே முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். கும்மிடிப்பூண்டியிலோ காக்களூரிலோ கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு 'பேட்ச்', 'ஈல்டு', 'ரிஜெக்‌ஷன்' என்கிற மூன்று வார்த்தைகளின் அருமை தெரியும். ஆர்.என்.ஏ. சமையலின் நிஜக் கதை அந்த மூன்றிலும்தான் இருக்கிறது.

தலைவலி நம்பர் ஒன்று, குப்பை. மெஷின் ஒவ்வொரு எழுத்தைக் கோக்கும்போதும் பைரோபாஸ்பேட் என்ற ஒரு துண்டைக் கழற்றி எறிகிறது. நாலாயிரம் எழுத்துக்கு நாலாயிரம் துண்டு, ஒரு காப்பிக்கு மட்டும்! அந்தத் துண்டுகள் போய் மக்னீசியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெள்ளையாகக் கலங்கி அடியில் படிகின்றன. மக்னீசியம் இல்லாவிட்டால் மெஷின் நகராது. சமையல் நின்றது! இதற்கு மருந்து, இன்னொரு நொதியைக் கொஞ்சம் சேர்ப்பது. அது பைரோபாஸ்பேட்டை இரண்டாக நறுக்கிப் போட்டுவிடும். கூடவே, எல்லா எழுத்தையும் ஆரம்பத்திலேயே கொட்டாமல், தீரத் தீர ஊற்றுகிற பழக்கமும் வந்தது. பந்தியில் சாம்பார் வாளியோடு சுற்றி வருகிறவர் செய்வதும் அதுதானே. இப்படிச் சின்னச் சின்னத் திருத்தங்களால்தான் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் என்பது ஐந்தாகி, சில இடங்களில் பத்தையும் தாண்டியது.

தலைவலி நம்பர் இரண்டு, தொப்பி. ஆர்.என்.ஏ.யின் தலையில் ஒரு ரசாயனத் தொப்பி இருந்தால்தான் செல்லின் பட்டறை அதை உள்ளே விடும். தொப்பி இல்லாவிட்டால் 'ஐ.டி. கார்டு எங்கே?' என்று கேட்டு வெளியே தள்ளிவிடும். வெறுமனே தள்ளாமல் அலாரத்தையும் அடித்துவிடும். ஆரம்ப காலத்துத் தொப்பிகள் சில தலைகீழாய் உட்கார்ந்துகொண்டன. பிறகு தலைகீழாய் உட்கார முடியாத தொப்பி செய்தார்கள். அப்போதும் நூற்றுக்கு முப்பது பேர் வெறுந்தலையோடு நின்றார்கள். அமெரிக்காவில் சான் டியேகோவைச் சேர்ந்த டிரைலிங்க் என்ற கம்பெனி 'கிளீன்கேப்' என்றொரு தொப்பி கண்டுபிடித்தது. அது ஆர்.என்.ஏ. பிறக்கும்போதே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாக உட்கார்ந்துவிடுகிறது. ஃபைஸர் தடுப்பூசியின் தொப்பி இந்த ரகம்தான். காப்புரிமை கம்பெனியிடம், விலை? அதைக் கேட்டால் நம் தொப்பி பறக்கும்.

இதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. ஆர்.என்.ஏ. தயாரான பிறகு, தனியாக ஒரு நொதியை விட்டுத் தொப்பி போடவைப்பது. மாடர்னா கம்பெனி வழி அது. அந்த நொதி எங்கிருந்து வந்தது தெரியுமோ? வாக்ஸினியா வைரஸிலிருந்து! அட, கிண்டியில் கன்றுக்குட்டித் தோலில் வளர்ந்ததே, பெரியம்மைத் தடுப்பு மருந்து, அந்த வைரஸ் குடும்பம்தான். அம்மை குத்தின தாத்தா ரிடையர் ஆகிவிட்டாலும், பேரன் கம்பெனியில் தொப்பி போடுகிற வேலைக்கு வந்துவிட்டார்.

தலைக்குத் தொப்பி மாதிரி வாலும் உண்டு. கடைசியில் 'ஏ ஏ ஏ ஏ' என்று நூறு எழுத்து. வால் நீளமாயிருந்தால் ஆர்.என்.ஏ. கொஞ்ச நாள் கூடத் தாங்கும். ஆனால் ஒரே எழுத்து நூறு தடவை வந்தால் பாக்டீரியாவுக்கே போரடித்துப்போய், மாஸ்டர் காப்பியிலேயே நாலைந்தை விட்டுவிடுகிறது. இம்போசிஷன் எழுதுகிற பையன் மாதிரி. ஃபைஸர்-பயோஎன்டெக்காரர்கள் என்ன செய்தார்கள்? முப்பது 'ஏ', நடுவில் வேறு பத்து எழுத்து, மறுபடி எழுபது 'ஏ'. பாக்டீரியா ஏமாந்தது. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி. இரட்டை இழை.

நல்ல ஆர்.என்.ஏ. ஒற்றை இழை. டி7 மெஷினுக்கு ஒரு கெட்ட குணம்: நாடாவின் கடைசிக்கு வந்த பிறகும் நிறுத்தாமல், அப்படியே மடங்கித் திரும்பி, தான் எடுத்த காப்பியையே காப்பி எடுக்க ஆரம்பித்துவிடும். விளைவு, இரண்டு இழையும் ஒட்டிக்கொண்ட ஆர்.என்.ஏ. நம் உடம்புக்கு இரட்டை இழை ஆர்.என்.ஏ. என்றாலே 'வைரஸ் வந்துடுச்சு!' என்று அர்த்தம். பல வைரஸ்கள் உள்ளே பெருகும்போது அப்படித்தான் இருக்கும். உடனே சைரன், காய்ச்சல், பட்டறைக்கு ஷட்டர்! தடுப்பூசியில் இருக்கிற நல்ல ஜெராக்ஸையும் யாரும் தைக்கமாட்டார்கள். நூற்றில் ஒரு பங்குக் கலப்படம்கூடத் தொல்லைதான். பாலில் ஒரு சொட்டு எலுமிச்சைச்சாறு மாதிரி.

இந்த சைரனை அடக்கிய கதைக்குத்தான் 2023-ஆம் வருஷத்து மருத்துவ நோபல்.

காடலின் காரிக்கோ என்ற ஹங்கேரி நாட்டுப் பெண்மணி. 1985-இல் ஆராய்ச்சி வேலை போய், காரை விற்ற பணத்தை மகளின் கரடி பொம்மைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு அமெரிக்கா போனவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 'ஆர்.என்.ஏ., ஆர்.என்.ஏ.' என்று ஜபித்துக்கொண்டிருந்தார். யாரும் பணம் தரவில்லை. 1995-இல் பதவியைக் குறைத்துவிட்டார்கள். நம் ஊரில் என்றால் யூனியனைக் கூப்பிட்டிருப்போம். அவர் பேசாமல் வேலையைப் பார்த்தார். 1990-களின் கடைசியில் ட்ரூ வைஸ்மன் என்ற டாக்டரைச் சந்தித்தார். எங்கே? ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில்! (நான் ஜெராக்ஸ் உதாரணம் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சத்தியமாக.) 2005-இல் இரண்டு பேரும் வெளியிட்ட விஷயம் இது: 'யு' என்ற எழுத்துக்குப் பதில் அதே மாதிரி இருக்கிற சூடோயூரிடின் என்ற எழுத்தைப் போட்டால், உடம்பு சைரன் அடிப்பதில்லை. 2011-இல் அவர்களே இன்னொன்றும் காட்டினார்கள். இரட்டை இழைக் கலப்படத்தை நீக்கிவிட்டால் புரதத் தயாரிப்பு பல மடங்கு எகிறுகிறது.

(அந்தக் கரடி பொம்மையின் சொந்தக்காரி சூசன், படகுப் போட்டியில் 2008-லும் 2012-லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அம்மாவுக்கு முன்னால் மகள் மெடல் வாங்கிய குடும்பம்!)

2011-இல் கலப்படத்தை நீக்கிய முறை ரொம்பச் செலவு பிடித்தது. பெரிய அழுத்தத்தில் ஓடுகிற மெஷின், விஷத்தன்மையுள்ள கரைப்பான், குறைந்த அளவு. கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஆராய்ச்சிக்காரர்கள் நாலு திசையிலும் போனார்கள். 2019-இல் ஒரு கூட்டம் செல்லுலோஸைப் பிடித்தது. காகிதமும் பஞ்சும் எதனால் ஆனவையோ அதே செல்லுலோஸ். கொஞ்சம் ஆல்கஹால் கலந்த திரவத்தில் ஆர்.என்.ஏ.யைச் செல்லுலோஸ் தூளோடு கலக்கினால், இரட்டை இழை மட்டும் தூளில் ஒட்டிக்கொள்கிறது. ஒற்றை இழை வழிந்து வெளியே வருகிறது. காபி ஃபில்டர் மாதிரி இருக்கிறதே என்று தோன்றுகிறதா? கிட்டத்தட்ட அதேதான்.

வேறு சிலர், சுத்தம் செய்வதைவிட அசுத்தம் பண்ணாமலிருப்பதே மேல் என்று மெஷினையே திருத்தினார்கள். ஐம்பது டிகிரிச் சூட்டிலும் வேலை செய்கிற டி7. அந்தச் சூட்டில் அது மடங்கித் திரும்புகிற வம்பை அதிகம் செய்வதில்லை. மாடர்னா ஆட்கள் டி7 புரதத்தில் இரண்டே இரண்டு இடங்களில் கை வைத்து, கலப்படம் ரொம்பக் குறைவாக வரும் புது மெஷினை 2022-இல் அறிவித்தார்கள். மெஷின் ஆபரேட்டருக்கு மெமோ கொடுத்துத் திருத்துவதைவிட மெஷினையே மாற்றுவது சுலபம் என்பது எந்த ஷாப் ஃப்ளோரிலும் தெரிந்த உண்மை.

இனி, பஸ்ஸில் ஏன் பொட்டலத்தை எடுத்துப் போகக்கூடாது என்ற விஷயம். ஆர்.என்.ஏ.யை அறுக்கிற நொதிகள் நம் விரல் நுனியில், வியர்வையில், எச்சிலில் எங்கும் இருக்கின்றன. அதில் ஒரு வகை, கொதிக்க வைத்தால்கூடச் சாகாது. ஆறினதும் எழுந்து உட்கார்ந்து மறுபடி அறுக்கும். ஒரு விரல் பட்டால் ஒரு பேட்ச் காலி! அதனால்தான் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வேலை செய்கிறார்கள். வியர்த்துக் கொட்டுகிற நம் சித்திரை மாதத்து லோக்கல் ரயில் பெட்டிதான் ஆர்.என்.ஏ.க்கு நரகம்.

ஊசியில் போவதற்கு முன்னால் இதற்கு ஒரு கொழுப்புச் சட்டையும் மாட்டவேண்டும். ஒரு குழாயில் ஆர்.என்.ஏ. கரைசல், இன்னொரு குழாயில் ஆல்கஹாலில் கரைத்த நாலு வகைக் கொழுப்பு. இரண்டும் வேகமாக முட்டிக்கொள்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் பிறக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்துக்கு மேல் அடுக்கலாம். சின்ன மிக்ஸரில் நன்றாக வருகிற இந்த உருண்டை, பெரிய மிக்ஸரில் சரியாக வருவதில்லை. பெரிய மிக்ஸர் கட்டுவதை விட்டுவிட்டு, நாணய அளவு மிக்ஸர்களையே வரிசையாக நிறைய வைத்து ஓட்டினார்கள் ஃபைஸரில். நாலு பேர் வீட்டு ரசத்தை நானூறு பேருக்கு ஒரே அண்டாவில் வைத்தால் ருசி மாறிவிடும். நூறு பாத்திரத்தில் வைத்தால் மாறாது. கல்யாண சமையல்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். ஆனால் ஆர்.என்.ஏ.க்கு இதுதான் பலித்தது. இப்படிப்பட்ட திருத்தங்களால் ஒரு பேட்சுக்கு 110 நாள் ஆனதை ஏறக்குறைய 60 நாளாக்குவோம் என்று 2021 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி சொன்னது.

நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம்.

ஃபைஸர் 2020 டிசம்பரில் இந்தியாவில் அனுமதி கேட்டது. 2021 பிப்ரவரியில் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது. மாடர்னாவுக்கு 2021 ஜூனில் அனுமதியே கிடைத்தது. ஆனால் 'பின்விளைவு வந்தால் நஷ்டஈடு யார் பொறுப்பு?' என்கிற பஞ்சாயத்து முடியாததால் சரக்கு வந்து சேரவில்லை. மைனஸ் 70 டிகிரி ஃப்ரீஸர் வேறு. நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெட்டி 2 முதல் 8 டிகிரிதான். ஆக, நாம் எல்லாரும் போட்டுக்கொண்டது வேறு ரகங்கள்.

புனேயில் ஜென்னோவா என்ற கம்பெனி, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியோடு, சொந்தமாக ஒரு எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு முயன்றுகொண்டிருந்தது. பெயர் ஜெம்கோவாக்-19. அனுமதி 2022 ஜூன் கடைசியில். அடுத்த மாதம் 17-ஆம் தேதி நாடு 200 கோடி டோஸைத் தாண்டிவிட்டது. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கிறபோது வந்து சேர்ந்த நாதஸ்வரக் கோஷ்டி! பாவம், வாசிப்பு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

நன்றாக இருந்தது என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவர்கள் மருந்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கினார்கள். இன்ஸ்டன்ட் காபித் தூள் செய்கிற அதே தத்துவம். இதனால் 2 முதல் 8 டிகிரி போதும்; நம் ஊர் சுகாதார நிலையத்து ஐஸ் பெட்டியே தாங்கும். 2023 ஜூனில் ஒமிக்ரானுக்கென்று வந்த அடுத்த ரகம், ஜெம்கோவாக்-ஓஎம், இன்னும் சுவாரசியம். அதில் ஜெராக்ஸ் காகிதத்தோடு ஒரு குட்டி ஜெராக்ஸ் மெஷினுக்கான செய்முறையும் சேர்ந்து போகிறது! செல்லுக்குள் போனதும் தன்னைத்தானே பல காப்பி எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 10 மைக்ரோகிராம் போதுமாயிருக்கிறது. ஃபைஸருக்கு 30, மாடர்னாவின் முதல் தடுப்பூசிக்கு 100. ஊசியும் கிடையாது; மெல்லிய பீச்சாக மருந்து தோலுக்குள் பாய்கிறது. ஊசியைப் பார்த்தால் மயங்கி விழும் ஆறடி ஆசாமிகள் நம்மில் எத்தனை பேர்! மூவாயிரம் பேருக்கு மேல் நடத்திய சோதனை முடிவு 2024-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது.

சும்மா கிடைக்குமா? மெஷின் செய்முறையையும் சேர்த்து எழுதுவதால் இந்த ஆர்.என்.ஏ. பத்தாயிரம் எழுத்தைத் தாண்டுகிறது. நீளம் கூடக்கூட நடுவில் அறுந்து போகிற சந்தர்ப்பமும் கூடும். தயாரிக்கிறவருக்கு ஈல்டு அடிவாங்கும். டோஸ் குறைவதில் அது ஈடுகட்டப்படும். எது லாபம் என்பது கணக்கப்பிள்ளை விவகாரம்.

ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. ஆராய்ச்சி நிலையத்தார், 2022 மே மாதம் வெளியார் உதவியில்லாமல் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசித் தொழில்நுட்பம் செய்துகாட்டியதாக அறிவித்தார்கள். அதே ஊர் பயலாஜிக்கல் ஈ கம்பெனியை, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மையத்திலிருந்து தொழில்நுட்பம் பெற உலக சுகாதார நிறுவனம் 2022-இல் தேர்ந்தெடுத்தது.

தமிழ்நாடு? செங்கல்பட்டில் நூறு ஏக்கரில் எச்.எல்.எல். பயோடெக் என்ற மத்திய அரசுக் கம்பெனியின் தடுப்பூசி வளாகம் கட்டி முடித்தும், வியாபார உற்பத்தி தொடங்காமல் கிடந்தது. 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 'எங்களிடம் குத்தகைக்குக் கொடுங்கள்' என்று பிரதமருக்கு எழுதினார். அதற்கும் முன்னால், 2008 ஜனவரியில், கிண்டி பி.சி.ஜி. நிலையத்துக்கும் குன்னூர் பாஸ்டருக்கும் உற்பத்தி லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டது. தயாரிப்பு முறை தரவிதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று காரணம். லைசென்ஸ் திரும்பியது 2010-இல். வெள்ளைக் கோட்டும் பெரிய கட்டடமும் இருந்தால் தடுப்பூசி வந்துவிடாது. ஒவ்வொரு பேட்சும் போன பேட்ச் மாதிரியே இருக்கவேண்டும். ஆர்.என்.ஏ.யில் அந்தக் கண்டிப்பு பத்து மடங்கு.

"கொரோனாதான் போயிடுச்சே, இப்ப எதுக்கு சார் இந்தப் புராணம்?" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காசநோய்.

திருவள்ளூர் இன்னும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்த காலம். 1968-இலிருந்து 1971 வரை, திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் உலகத்திலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையை நீட்டினார்கள். பதினைந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. உலகத்து மருத்துவப் புத்தகங்களிலெல்லாம் 'செங்கல்பட்டு சோதனை' என்று ஏறிவிட்டது நம்ம பேட்டை. (குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுக்கிறது என்பதால் பி.சி.ஜி. இன்னமும் போடப்படுகிறது. பாப்பாவுக்குப் போடாமல் விட்டுவிடாதீர்கள்.) பி.சி.ஜி. முதன்முதல் மனிதனுக்குக் கொடுக்கப்பட்டது 1921-இல். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதற்கு மாற்று வரவில்லை. லோக்கல் பெட்டியில் எதிர் சீட்டில் ஒருத்தர் இரண்டு வாரமாக இருமிக்கொண்டிருந்தால் நமக்கிருக்கிற ஒரே தடுப்பு, ஜன்னல்தான்.

2023-இல் பயோஎன்டெக் கம்பெனி ஜெர்மனியிலும் தென்னாப்பிரிக்காவிலும் காசநோய்க்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை மனிதர்களிடம் முதல் கட்டமாகச் சோதிக்க ஆரம்பித்தது. காசநோய்க் கிருமி கொரோனா மாதிரி ஒரு முள்ளை நீட்டிக்கொண்டு நிற்பதில்லை; செல்லுக்குள்ளேயே ஒளிந்து குடித்தனம் நடத்துகிறது. அதனால் ஒரு புரதத்துக்கு மட்டும் ஜெராக்ஸ் கொடுத்தால் போதாது, பல புரதங்களின் துண்டுகளைச் சேர்த்து எழுதவேண்டியிருக்கிறது. எத்தனை மைக்ரோகிராம், எத்தனை தவணை என்பதைத்தான் அந்த முதல் கட்டத்தில் பார்க்கிறார்கள். குடத்தை இப்போதே விளக்கி வைக்கவேண்டிய அவசரமில்லை.